யார் போட்ட தேத்தண்ணி

என்னைப் பார்க்கிற யாரும் சீனப் பெண் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் சீனர்கள். கைக்குழந்தையாக இருந்த என்னை வாசுவும் மீனாட்சியும் தத்தெடுத்து, காமினி என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தெரிந்த அப்பா அம்மா அவர்கள்தான். பசாரில் மீன்காரர் என்னிடம் ஹொக்கியன் சீனத்தில் பேசுவார். நான் திருதிருவென்று முழிப்பேன்.

அதனால், நான் விரும்பிய ஷர்வினின் வீட்டார் பாகான் டாலாமிலிருந்து கடல் பாலம் தாண்டி, தீவில் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குக் கல்யாணம் பேச வந்த அன்று, நாங்கள் பயந்ததெல்லாம் என் முகத்தை நினைத்துத்தான். அம்மா எனக்கு வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்துவிட்டார். "எதாச்சும் கேட்டாங்கன்னா பொறுமையா பதில் சொல்லும்மா, சண்டைக்குப் போயிடாத" என்றார் அப்பா. என் வாய் அவருக்குத் தெரியும்.

ஷர்வினின் அம்மா லோகேஸ்வரி உள்ளே வந்ததும் என் கன்னத்தைத் தடவி, "என்ன கலரு! பேரப்பிள்ளைங்க வெள்ளை வெளேர்னு பொறக்கும்லா" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. "காமினி போட்டுக் குடுத்தா குடிக்கிறேன்" என்றார் லோகேஸ்வரி.

மருமகள் கையால் குடிக்க ஆசைப்படுகிறார் என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அடுப்படியில் என் இடுப்பைக் கிள்ளிச் சிரித்தார். எனக்கோ தேத்தண்ணி போடவே வராது, போட்டால் கழனித்தண்ணிதான். அம்மா போட்டு மிச்சம் வைத்திருந்ததையே சூடாக்கி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். லோகேஸ்வரி கடைசிச் சொட்டு வரை குடித்தார். கைப்பக்குவம் என்று பாராட்டு வேறு.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குப்பை லோரி ஓட்டுனவரு. என்ன சாதின்னும் விசாரிச்சுட்டோம். எங்க சொந்தக்காரங்க முன்னால நீங்க ரெண்டு பேரும் மணவறைக்கு வந்தா சரிப்படாது. தாரை வார்த்துக் குடுக்க என் தம்பி இருக்கான். கார்டுலயும் உங்க பேரு வேணாம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"அப்போ காமினி?" என்றார் அம்மா.

"அவ சீனப் பிள்ளைதானே, உங்க ரத்தம் இல்லையே. உங்க சொந்த மகளா இருந்தா நாங்க பாலம் தாண்டியே வந்திருக்க மாட்டோம்."

என் முகத்துக்காகப் பயந்தோமே, இவர்கள் அந்த முகத்தை வைத்தே என் அப்பா அம்மாவை வெட்டி எறிகிறார்களே! ஷர்வினைப் பார்த்தேன். அம்மா வைத்த நண்டுக் கறியை இதே வீட்டில் விரல் சூப்பிச் சாப்பிட்டவன் அவன். அவன் முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஒரு நாள்தானே காமினி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்லா" என்றான்.

அதைவிட என்னை உலுக்கியது அப்பா சொன்னதுதான். "சரிம்மா. நாங்க கூட்டத்தோட கூட்டமா பின்னால நின்னு பாத்துக்கிறோம். பிள்ளை நல்லா இருந்தா போதும்."

அவர் கோபப்படக்கூட இல்லை. இதுபோல எத்தனை பேர் எத்தனை இடத்தில் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லியிருப்பார்கள்!

அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டைத் தூக்கி ஷர்வின் கையில் கொடுத்தேன்.

"யோசிச்சுப் பேசு. உன் மூஞ்சிக்கு வேற எந்தத் தமிழ் வீட்டுல பொண்ணு எடுப்பாங்க?" என்றார் லோகேஸ்வரி. என் கலரைப் புகழ்ந்த அதே வாய்.

"நான் இவங்க சொந்த மகதான் ஆன்ட்டி. நீங்க பாலம் தாண்டி வந்ததுதான் வீண். இன்னொண்ணு, எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது. நீங்க குடிச்சது எங்கம்மா போட்டது."

லோகேஸ்வரியின் கை தானாக வாயைப் பொத்தியது. காலிக் கோப்பை அவர் முன்னால் இருந்தது.