பழம் என்றுதான் சொன்னேன்

பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பூர்ணத்தின் மகள் குணசுந்தரிக்கு நான்கு வயது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்கிறாள் என்று மூன்று மாதத்துக்கு முன்னால், அறுபத்தெட்டு மாசியில், நான் நர்ஸாக இருந்த முகாமுக்குத் தூக்கி வந்தாள். அதற்குப் பிறகு ஆளையே காணோம். இப்போது பிள்ளைக்குக் கண்ணே போய்விட்டது என்று சேதி. சொன்ன பேச்சைக் கேட்டால்தானே இந்த ஜனங்கள் உருப்படும் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

அன்று முகாமில் மீனெண்ணெய் தீர்ந்து போயிருந்தது. வரிசையில் இன்னும் நாற்பது பேர். பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். விழி வறண்டு, வெள்ளையில் நுரை மாதிரி ஒரு திட்டு. சத்துக் குறைவு. "தினமும் பழம் குடும்மா, கண்ணு நல்லாத் தெரியும், நிறுத்திடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எந்தப் பழம், எந்தக் கீரை என்று பக்கம் பக்கமாகப் படித்தவள்தான் நான். அன்று வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

குணசுந்தரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கருவிழியும் வெந்த மீனின் கண் போல வெளுத்திருந்தன. என் செருப்புச் சத்தம் கேட்டு, "நைனாவா?" என்றாள்.

"பழம் குடுக்கச் சொன்னேனே, குடுத்தியா?" என்று சம்பூர்ணத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் மிரண்டு போனாள். "பெரியபாளையத்தா மேல சத்தியமா ஒரு நாளு வுடல நர்சம்மா. அவுங்க நைனா பொன்னேரிக்கு நடந்து போயி வாங்கியாறாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு வேளைக் கஞ்சியோட நிறுத்திக்கினு இவளுக்குக் குடுத்தோம்." உள்ளே ஓடி எடுத்து வந்து காட்டினாள். ஒரு சீப்பு வாழைப்பழம்.

எனக்குப் புரியவில்லை. தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். கிணற்றடியில் ஒரு பப்பாளி மரம். மேலே மூன்று நன்றாகப் பழுத்திருந்தன. ஒன்றைக் காக்காய் குடைந்திருந்தது. கீழே விழுந்ததை ஆடு தின்றுகொண்டிருந்தது.

"அத்தக் குடுக்கலியா?"

"அய்ய, அது சூடாச்சே. பச்சப் புள்ளைக்கு யாருனா குடுப்பாங்களா?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன் நர்சம்மா, ஒரு நாளைக்கு ஒண்ணு பத்தலியா? ரெண்டாக் குடுத்திருக்கணுமா?"

என் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. கடையில் போய்ப் பழம் கொடு என்றால் கடைக்காரன் வாழைப்பழத்தைத்தான் பிய்த்துத் தருவான். தேங்காய் பழம் என்று அர்ச்சனைத் தட்டில் வைப்பதும் அதைத்தான். என் வீட்டிலும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாததில்லை. நோய் முற்றிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மரத்தைக் கை காட்டினேன். "அந்தப் பழம்மா. கண்ணுக்கு வேண்டிய சத்து அதுலதான் இருக்கு. வாழைப்பழத்துல இல்ல."

சம்பூர்ணம் மரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

"நீ பழம்னுதான நர்சம்மா சொன்ன?" என்றாள். "அது பப்பாளியாச்சே."