பாட்டுப் போனும் பனி ஊர்க் கதையும்

வேணி கதை சொன்னால் அவள் சுளகில் பீடி குறையாது. ஆவுடைத்தாய் மதினி வீட்டு முன்னறையில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். வாய் ஓடினால் கை பிந்தத்தானே செய்யும்? அதற்கு ஈடாக, கேட்கிற மூன்று பேரும் சாயங்காலம் ஆளுக்கொரு பீடிக்கட்டு எடுத்து வேணியின் சுளகில் போட்டுவிடுவார்கள். கதைக்கட்டு என்று அதற்குப் பெயர். முக்கூடல் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவலாகப் பார்த்து எடுத்துவந்து சொல்லுகிறவள் அந்தத் தெருவிலேயே வேணி ஒருத்திதான்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது கடல் உறைந்துபோகும் ஓர் ஊரின் கதை. இரீனா என்கிறவள் சண்டைக்குப் போன புருஷனின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். கிழட்டுத் தபால்காரன் நாய் இழுக்கும் வண்டியில் பனிப்புயலுக்குள் புறப்பட்டுவிட்டான். இரீனா என்ற பெயர் வாயில் நுழையாததால் மற்றவர்கள் அவளை ராணி ஆக்கியிருந்தார்கள்.

"கடலே கட்டியாயிருமாட்டி? அப்ப மீனெல்லாம்?" என்று வட்டத்தில் எதிரே இருந்த முப்பிடாதி கேட்டாள்.

"அடியில கெடக்கும்க்கா."

"பாவம், வெறச்சிரும்லா."

நால்வரில் ஒருத்தியான இசக்கிச்செல்வி புதுப் போனோடு உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான். திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் மாரிராஜ் கொண்டுவந்து கொடுத்தது. "பழசுல டார்ச்சு மட்டுந்தான. இதுல பாட்டு உண்டு, படம் பிடிக்கலாம், எல்லாம் உண்டு" என்றபடி, காலியாகக் கிடந்த எவர்சில்வர் சட்டிக்குள் போனை இறக்கினாள். சட்டி கணீரென்று பாடியது. தபால்காரன் பனியிலேயே நின்றுபோனான்.

அவன் அங்கே நின்றது பன்னிரண்டு நாள். காலையில் வந்ததும் பாட்டு, கடைக்குப் பீடி கொண்டுபோகும்வரை பாட்டு. கதையும் இல்லை, கதைக்கட்டும் இல்லை. வேணியும் இசக்கியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் இசக்கிக்கு வேணிதான் பரீட்சையில் பேப்பரைச் சரித்துக் காட்டுவாள். இப்போது அந்த இசக்கியைச் சுற்றித்தான் மற்ற இரண்டு தலைகளும் குனிந்திருந்தன. ஒருநாள் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தாள். வேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல் போனை வாங்கிப் பார்த்தாள். படத்தில் அவளுடைய முழங்கையும் சுளகின் ஓரமும் மட்டும் இருந்தன. போனைத் தொப்பென்று சட்டிக்குள் போட்டாள்.

பதின்மூன்றாம் நாள் ஆவுடைத்தாய் மதினி, "இதே பாட்ட எத்தன மட்டம் கேக்க? ஏட்டி வேணி, அந்த ராணி என்னதான் ஆனா?" என்றாள்.

வேணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விட்ட வட்டி எல்லாம் சேர்த்து, முதலிலிருந்து ஆரம்பித்து, புயலையும் நாய்களையும் கண்முன் நிறுத்தி, ராணி வீட்டுக் கதவு தட்டப்படும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்று மூன்று கட்டும் வந்தன. சட்டிக்குள் போனின் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் அம்மாவோடு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியவள், தெருமுனையிலேயே தன் குரலைக் கேட்டாள். மதினி வீட்டுக்குள் இருந்து வந்தது. போய் எட்டிப் பார்த்தால், சட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தது. கதைக்கட்டு இரண்டும் இசக்கியின் சுளகில் இருந்தன.

"அது என் கதைட்டி" என்றாள் வேணி.

"ஒங் கதையா? அந்த நாட்டுக்காரன் எழுதுனதுல்லா?" என்றாள் இசக்கி.

முப்பிடாதி கொல்லென்று சிரித்தாள். தன் குரலே தன்னை விட்டுவிட்டு இன்னொருத்திக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறதே என்று வேணிக்கு அதன்மேலும் பொறாமையாக வந்தது. இலையையும் தூளையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தனியாகச் சுற்றினாள்.

இரண்டாம் நாள் இசக்கியே வாசலில் வந்து நின்றாள். "கதவத் தட்டுனது யாருன்னு மட்டும் சொல்லுட்டி. அக்காமாரு என்னப் பிச்சுத் திங்காக."

"நூலகத்துல புஸ்தகம் இருக்கு. எடுத்துப் படிச்சுக்கோ."

"எனக்கு வாசிக்க வராதுன்னு தெரிஞ்சுதான சொல்லுத?" என்றுவிட்டு இசக்கி போனாள்.

அன்றைக்கு முழுக்க வேணிக்குச் சோறு ருசித்தது. முடிவு தன் கையில் இருக்கிறது. இன்னும் ஒருநாள் தவிக்கட்டும், பிறகு போகலாம். மறுநாள் காலை தலையை அழுந்தச் சீவிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனாள். யாரும் தவித்துக் கிடக்கவில்லை.

"முடிவு கெடச்சாச்சு. நேத்து மதினியே சொல்லிட்டாக" என்றாள் இசக்கி.

"புஸ்தகத்துல இருக்கறத மதினி எப்படிச் சொல்ல முடியும்?" வேணி நின்றபடியே படபடத்தாள். "கதவத் தட்டுனது காத்து. தபால்காரன் வரவே இல்ல. பனி உருகும்போது கடுதாசிப் பை மட்டும் தண்ணியில மெதக்குது."

"பெறவு?" என்றாள் முப்பிடாதி.

"பெறவு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இத்தன நாளு கேட்டோம்? எழுதுன ஆளுக்கு முடிக்கத் தெரியலட்டி."

இசக்கி பொத்தானை அமுக்கினாள். வேணி உட்கார்ந்து, சிரிக்கத் தயாராக ஓர் இலையை எடுத்துத் தூளை வைத்தாள். சட்டிக்குள் மதினியின் கரகரத்த குரல் எழுந்தது:

"ராணி கதவத் தொறக்கா. கெழவன் பல்லு கிட்டிப்போயி நிக்கான். அடுப்பு அணஞ்சு கெடக்கு. அவ நாற்காலிய ஒடச்சு அடுப்புல வச்சா. தீப் பிடிக்க ஒரு துண்டுத் தாளு கெடையாது. என்ன செய்ய? வந்த கடுதாசியப் பிரிக்காமலே பத்த வச்சு, கஞ்சி காச்சி அவனுக்கு ஊத்துனா. குடிச்சு முடிச்சிட்டுக் கெழவன் சொல்லுதான், 'தாயி, வழியில மனசு கேக்காம நான் அதப் பிரிச்சுப் படிச்சுட்டேன். சொல்லட்டா?' அவ அடுப்பையே பாத்துக்கிட்டு, 'சொல்லும். ஆனா பையப் பைய சொல்லும்' அப்படிங்கா."

அறையில் இலை வெட்டும் கத்தரிச் சத்தம்கூட இல்லை. வேணி வெறுப்போடு நிமிர்ந்து பார்த்தாள். நேற்றே கேட்ட கதைதான், ஆனாலும் முப்பிடாதியின் கை நின்றிருந்தது. இசக்கியின் கை நின்றிருந்தது. இத்தனை மாதம் தான் சொன்னதில் ஒருநாளாவது இவர்கள் கை நின்றதுண்டா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

தலையைக் குனிந்தாள். அவள் விரலிடுக்கில் இலை சுற்றாமலே விரிந்து கிடந்தது. தூள் முழுக்க மடியில் கொட்டியிருந்தது.