கெட்டவனின் நாற்காலி

சட்டத் துறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வரைவுப் பிரிவின் கடைசி அறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்று சுழலும். மற்றது மர நாற்காலி. அதற்கு ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் ஆடும். அதற்குக் கெட்டவனின் நாற்காலி என்று பேர்.

எந்த மசோதாவும் அந்த அறையைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. ஒருவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பிரிவு பிரிவாக உரக்கப் படிப்பார். இன்னொருவர் மர நாற்காலியில் கெட்டவனாக உட்காருவார். கலப்பட மருந்து விற்கிறவனாக, படிக்காத டாக்டராக, ஆய்வுக்கு வருகிறவரைக் கவனித்து அனுப்பும் ஆஸ்பத்திரி முதலாளியாக. வாக்கியத்தில் எங்கே புகுந்து வெளியேறலாம் என்று தேடுவது அவர் வேலை. வழியே இல்லை என்று கெட்டவன் கையை விரித்தால் பிரிவு தேறியது என்று அர்த்தம்.

அவள் சுகாதாரச் சட்டங்கள் எழுதுகிறவள். அவளுக்கு எதிரே உட்காருகிறவர் அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். எறும்பைக் கண்டால் சுற்றிப் போகிற ஆள். மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வாய் நீண்டுவிடும். அலுவலகத்தில் அவரை வில்லன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நினைவு திரும்பாத நோயாளிகளைப் பற்றிய சட்டத்தை எழுதியது அவர்கள் இருவரும்தான். சுவாசக் கருவியை எப்போது நிறுத்தலாம், யார் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம். கணவனோ மனைவியோ இல்லாத நோயாளிக்குப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சம்மதித்தால் போதும் என்றுதான் சுகாதாரத் துறை கேட்டிருந்தது. வில்லன் மர நாற்காலியில் உட்கார்ந்து, சொத்துக்காக அவசரப்படும் இரண்டு மகன்களாக மாறினார். கால் மணி நேரத்தில் அப்பாவை முடித்துவிட்டு எழுந்தார். அன்றே அவள் 'பெரும்பாலோர்' என்பதை அடித்து 'அனைவரும்' என்று எழுதினாள். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு வயது வந்த பிள்ளைகள் அனைவரும் எழுத்துமூலம் இசைய வேண்டும். கெட்டவன் கையை விரித்துவிட்டான். அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பிடித்த வாக்கியம் அது.

சட்டம் நிறைவேறிய செய்தி பேப்பரில் வந்த அன்று, அவள் அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பக்கம் முழுக்கத் தேடினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவளோடுதான் இருந்தார்.

"மந்திரி பேரு இருக்கு. மந்திரி படம் இருக்கு. உன் பேரு எங்கம்மா?"

"எங்க பேரெல்லாம் வராதுப்பா."

"அப்ப தப்பா எழுதினாலும் யாரும் உன்னைத் திட்ட முடியாது. நல்ல உத்தியோகம்."

இப்போது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

*

டாக்டரின் அறை சின்னது. மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று, எட்டும் தூரத்தில். சுவரில் போன மாதத்துக் காலண்டர். அண்ணனும் தங்கையும் நாற்காலிகளில் இருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"மூளைக்குள்ள ரத்தக் கசிவு. மூச்சு விடறது அவர் இல்ல, மெஷின். நாங்க ரெண்டு டாக்டருங்களும் தனித்தனியா பார்த்துட்டோம். திரும்பி வர மாட்டாரு." டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு மேல நாங்க செய்யறது எல்லாம் அவருக்குத் தொந்தரவுதான்."

அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தான். தங்கையும் போட்டிருந்தாள். மூன்றாவது கோடு காலியாக இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்," என்றாள்.

"எடுத்துக்குங்க. பிள்ளைங்க எல்லாரும் ஒத்துக்காம நாங்க நிறுத்த முடியாது. ஒருத்தர் பாக்கின்னாலும் முடியாது. எங்கேயோ ரூம்ல உட்கார்ந்து எழுதறவங்களுக்கு என்ன, எழுதி வெச்சுட்டாங்க."

"அதை எழுதினதே இவதான் டாக்டர்," என்றான் அண்ணன்.

டாக்டர் மேஜையில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

வெளியே நடைகூடத்தில் தங்கை அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விட்டாங்க. கன்னத்துல வெட்டுப் பட்டிருக்கு."

"பார்த்தேன்."

"அவரு முகத்தைக்கூடச் சுளிக்கல அக்கா. நாம யாராவது அவரு ரேஸரைத் தொட்டாலே எப்படிக் கத்துவாரு."

அண்ணன் சுவரில் சாய்ந்திருந்தான். வெளியூரிலிருந்து வந்தவன், ஷூவைக் கழற்றி நாள்கணக்கானது போல் இருந்தான்.

"என்னதான் யோசிக்கற? சொல்லு, கேட்டுக்கறோம்."

"யோசிக்கலண்ணா."

"அப்புறம்?"

"கை வரல."

"பேனாவை நான் தர்றேன். கையையும் நானே தரணுமா?"

சொன்னதும் அவனுக்கே தாங்கவில்லை. விறுவிறுவென்று போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தான். அவளுக்கு மட்டும் சர்க்கரை போடாமல், அவள் குடிக்கிற மாதிரி.

அவர்களிடம் சொல்ல அவளிடம் காரணம் இல்லாமல் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவள் இத்தனை வருடம் எழுதிய எதுவும் கடைசி வார்த்தை அல்ல. தப்பென்று தெரிந்தால் திருத்த மசோதா உண்டு. திருத்தத்துக்கும் திருத்தம் உண்டு. ஒரு சட்டத்தையே ஒரே வரியில் ரத்து செய்யலாம். அந்த மூன்றாவது கோட்டுக்குத் திருத்தம் கிடையாது. அப்படி ஒரு காகிதத்தில் அவள் இதுவரை கை வைத்ததில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.' ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் எழுதியதோ, அவளுக்குப் பிடித்திருந்தது. வாசலில் இருந்த தலைமை நர்ஸ் அந்த அட்டையின் உயிர்வடிவம். தங்கை அவளுக்குப் போலீஸ்காரம்மா என்று பேர் வைத்திருந்தாள். ஒருவர் வெளியே வந்து கையைக் கழுவிய பிறகுதான் அடுத்தவரை விடுவாள். செருப்பு முனைகூட உள்ளே போகக் கூடாது.

மூன்று பேரும் முறை வைத்துப் போய்ப் பார்த்தார்கள்.

*

அலுவலகத்தில் அவள் அரை நாள் விடுப்புகளுக்கு 'வீட்டு வேலை' என்று எழுதிவந்தாள். அப்பாவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் காரணம் இருந்தது.

சுகாதாரத் துறை அந்தப் பிரிவைத் திருத்தக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் தேங்கிக் கிடக்கிறார்கள், ஒரு பிள்ளை சம்மதிக்காததால் மற்றவர்கள் தவிக்கிறார்கள், 'அனைவரும்' என்பதைப் 'பெரும்பாலோர்' என்று மாற்றுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அப்பா நன்றாக நடமாடிய நாளிலேயே அவள் அந்தக் கோப்பை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது மறுபடி வந்திருந்தது. சொந்த சம்பந்தம் உள்ள கோப்பைத் தொடக் கூடாது என்பது விதி. அப்பா கிடக்கும் நிலையைச் சொன்னால் கோப்பு வேறு கைக்குப் போகும். போனால் பிரிவு மாறும். மாறினால் அவள் கையெழுத்தே தேவைப்படாது.

வில்லன் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மேடம், சுகாதாரத் துறை விடாக்கண்டனா இருக்கு. இன்னிக்கு ஒரு வழியா உட்கார்ந்து முடிச்சுடலாம். முதல்ல நீங்க கெட்டவங்க."

அவள் மர நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடியது. அவர் புதிய வாசகத்தைப் படித்தார்.

"பிள்ளைகளில் பெரும்பாலோர் இசைந்தால் போதுமானது."

"நாங்க மூணு பேரு," என்றாள் அவள். "எனக்கும் தம்பிக்கும் வீடு வேணும். அப்பாவை வெச்சுப் பார்த்துக்கிட்டது அக்கா. அவ வேண்டாம்ங்கறா. ரெண்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுது."

"டாக்டருங்க பார்த்துச் சொல்லணுமே?"

"பார்க்கட்டும். அவங்க நோயைப் பார்ப்பாங்க. எங்க வீட்டைப் பார்க்க மாட்டாங்க."

வில்லன் குறித்துக்கொண்டார். "ஊகூம். இதுக்கு சுகாதாரத் துறைகிட்ட இன்னும் பதில் இல்ல. சரி, எழுந்திருங்க. இப்ப இருக்கறதைப் படிங்க, நான் உட்கார்றேன்."

"அது தேறின பிரிவு சார்."

"ஒரு தடவை படிங்களேன். குறிப்புல எழுதணும்ல."

நாற்காலி மாறினார்கள். அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. "வயது வந்த பிள்ளைகள் அனைவரும் எழுத்துமூலம் இசைய வேண்டும்."

வில்லன் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். கெட்டவனாக உட்கார்ந்தால் தனக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பார். வீடா, நகையா, பழைய பகையா. இன்று வெகுநேரம் ஆடினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்."

"ஏன்?"

"ஏன்னு சொல்லணும்னு பிரிவுல இல்லையே."

"எதுவரைக்கும் போட மாட்டீங்க?"

"அதுவும் இல்லையே."

"அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்திருக்கு."

"மருந்து போடுங்க. நான் எதையும் தடுக்கலையே. சும்மாதான் இருக்கேன். சும்மா இருக்கறவன் மேல எந்தச் சட்டம் பாயும்?"

அவர் கண்ணைத் திறந்தார். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"மேடம், கதவு அகலத் திறந்து கிடக்குது. இத்தனை நாளா 'சரி'ங்கறவனை மட்டுமே இந்த நாற்காலில உட்கார வெச்சிருக்கோம். 'மாட்டேன்'ங்கறவனை ஒரு நாளாவது உட்கார வெச்சோமா?"

"அவன் கெட்டவன் இல்ல சார்."

"இல்லதான். அதனாலதான் நம்ம ரெண்டு பேரு கண்ணுக்கும் தெரியல." அவர் பேனாவை எடுத்தார். "கெட்டவனா இருந்தா வீட்டைக் கொடுத்து அனுப்பிடலாம். இவனுக்கு என்னத்தைக் கொடுக்கறது?"

வெளியே தட்டச்சு அறையில் யாரோ சிரித்தார்கள்.

"சார், எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காரு."

வில்லன் காலைத் தரையில் ஊன்றினார். நாற்காலி நின்றது.

"அண்ணனும் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் போடல."

அவர் பேனாவை மூடினார். மூடியைச் சரியாகப் பொருத்த இரண்டு முறை முயன்றார். "எனக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா நான் இப்படி..."

"தெரிஞ்சிருந்தா ஃபைலைக் கேட்டிருப்பீங்க. அதான் சொல்லல."

அவர் மறுக்கவில்லை. அவள் கோப்பின் நாடாவைக் கட்டி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பெரும்பாலோர்னு மட்டும் போட்டுடாதீங்க."

"போட மாட்டேன். இப்பதான் நீங்களே அதை உடைச்சீங்க."

"அனைவரும்னே இருக்கட்டும். ஆனா மாட்டேங்கறவங்களுக்கு..." அதற்கு மேல் அவளுக்கு வாக்கியம் வரவில்லை. பாதி வாக்கியத்தில் அவள் நின்று அவர் பார்த்ததில்லை.

"அதை நான் எழுதறேன். நீங்க கிளம்புங்க." கதவு வரை வந்தார். "இந்தத் தடவை விடுப்புக்கு நிஜமான காரணத்தை எழுதுங்க மேடம்."

*

டாக்டரின் அறையில் அவள் இப்போது உட்கார்ந்தாள். படிவத்தை முதல் எழுத்திலிருந்து படித்தாள். வழக்கப்படி மூன்று முறை. வாக்கியம் அவளுடையதுதான், யாரும் கை வைக்கவில்லை. அண்ணன் பேனாவை நீட்டவில்லை. அவளே கைப்பையிலிருந்து எடுத்தாள். மூன்றாவது கோட்டில் தன் பேரை எழுதினாள். முழுப் பேரையும்.

டாக்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

வாசலில் போலீஸ்காரம்மா இருந்தாள்.

"ஒருத்தர்தான்," என்றாள்.

மூன்று பேரும் நின்றார்கள். யார் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கை அவள் புடவை முந்தானையைப் பிடித்திருந்தாள், சின்ன வயதில் பிடித்த மாதிரி.

"நாங்க மூணு பேரு சிஸ்டர்," என்றான் அண்ணன்.

நர்ஸ் டாக்டரின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அறையின் அந்தக் கோடிக்குப் போய், கையுறைப் பெட்டிகளை அலமாரியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகள்தான். அவள் திரும்பவில்லை.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். அண்ணன் கால்மாட்டில் நின்றான். தங்கை இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலைமாட்டுக்குப் போனாள்.

கன்னத்து வெட்டு காய்ந்து, ஆறத் தொடங்கியிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். விரலை அதன் மேல் வைத்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

அவள் சரியென்று தலையை அசைத்தாள்.