கண்ணாடி அறைக்கு யார் காவல்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முதலாளியம்மாவுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. பார்சல் என்றால் உடனே பிரிக்க வேண்டும், டப்பா என்றால் மூடியைத் தூக்க வேண்டும். பிறவிக் குணம், என்ன செய்வது?

கூடத்துக் கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காத்து வந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. அந்த வேலையை எடுத்துச் செய்கிறோம் என்று வெளிக் கம்பெனி ஒன்று திடீரென்று போன் செய்தது. கொடுத்தால் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பேரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. சரி, முதலில் சோதித்துப் பாருங்கள் என்றாள்.

எப்போது என்று அவளுக்கே சொல்லாமல் சோதனையை முடித்துவிட்டு, கம்பெனிப் பெண் முதலாளியம்மாவின் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் ஒரு பொய் மெயில் அனுப்பினோம் மேடம். 'உங்க வண்டிய யாரோ இடிச்சுட்டாங்க, படம் உள்ள இருக்கு'ன்னு. திறந்தவங்க வழியா திருடன் உள்ள வந்தான்னு கணக்கு."

"யார் யார் மாட்டினாங்க?" முதலாளியம்மா ஆவல் தாங்காமல் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

"வெளிய ஹால்ல இருக்கறவங்க ஒருத்தர்கூட மாட்டல. எங்களுக்கே ஆச்சரியம்! மெயில் வந்ததும், 'அண்ணே, இதத் தொடலாமா?'ன்னு உங்க தம்பியப் பார்த்துக் கத்துறாங்க. அவர் இருந்த இடத்துலருந்தே, 'கைய எடு!'ங்கிறார்."

அப்பாடா, தம்பி தப்பித்தான்! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒருத்தங்க மட்டும் திறந்தாங்க மேடம். படம் வரலையேன்னு திரும்பத் திரும்பத் திறந்தாங்க."

"யாரு அந்தப் புண்ணியவதி?"

பெண் திரும்பி, சாத்தியிருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். இங்கிருந்து கத்தினால் ஹாலுக்குக் கேட்காது. வண்டியில் கீறல் இருக்கிறதா என்று வாசலுக்கு ஓடியது ஞாபகம் வர, முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் பாதுகாப்பே இல்ல மேடம்."

இல்லைதான். எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டுத் தொல்லை செய்கிறது என்று அவள்தான் எடுக்கச் சொன்னாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, ஆபத்துன்னு தெரிஞ்சும் வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?"

"உன்கிட்ட 'கைய எடு'ன்னு கத்த முடியுமா? சின்ன வயசுலருந்து நீ சொல்லி நான் கேட்டுத்தானே பழக்கம்." அவன் தலையைச் சொறிந்தான். "அதான் இவங்கள உனக்குப் போன் பண்ணச் சொன்னேன்."

"நீயா? உன் வேலைக்கு நீயே வேட்டு வச்சுக்கிட்டியாடா?"

"நாலு பேரோட ரிப்போர்ட் வெளிய போறதுக்கு, என் வேலை போனா பரவால்லக்கா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "காவல் இவனே பார்க்கட்டும்மா. நீங்க எப்பவாவது வந்து இதே மாதிரி சோதிச்சுட்டுப் போங்க. எனக்கும் சொல்லாதீங்க." பிறகு தம்பியை அதட்டினாள். "எடுத்ததையெல்லாம் திரும்பப் போடு. அப்படியே இந்த மேசையப் பிடி. உன் பக்கத்துல போடணும்."

மத்தியானம் ஹாலில், புது இடத்தில் அவளுக்குப் புது மெயில் வந்தது. அவள் விரல் துறுதுறுத்தது.

"தம்பி, இதத் தொடலாமா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அவன் எட்டித் திரையைப் பார்த்தான். பிறகு ஒரே கத்தாகக் கத்தினான்.

"கைய எடுக்கா!"

எடுத்தாள். உள்ளே என்னதான் இருந்திருக்கும் என்று சாயங்காலம் வரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது.