தள்ளிவிட்ட மருந்து

மருந்து தீர்ந்துபோனால், ஆஸ்பத்திரி மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் காந்தாவை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "சப்ளை வரலை" என்றால் முடிந்தது. ஆனால் தேதி தாண்டிய மருந்து ஒரு பெட்டி அலமாரியில் அகப்பட்டால் போதும், ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஆளைக் குடைந்து எடுத்துவிடுவார்கள்.

அதனால் பெங்களூர் அரசு ஆஸ்பத்திரி மருந்தகங்களில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். தேதி நெருங்குகிற மருந்தை இன்னொரு ஆஸ்பத்திரியின் தலையில் கட்டிவிடுவது. மலேரியா ஊசியும் அப்படித்தான் போனது. காய்ச்சல் தலைக்கேறி உயிருக்கு ஆபத்தானால் போடுகிற ஊசி. வெகுநாளாக அதற்கு ஆளே வரவில்லை. தேதி முடிய இன்னும் சில மாதம் இருந்தும், காந்தா இன்னொரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த நாகேஷுக்குப் போன் செய்தாள்.

"நாகேஷ் சார், உங்களுக்கு ஒரு கிஃப்ட் அனுப்பறேன்."

"உங்க கிஃப்ட் எனக்குத் தெரியாதா மேடம்? போன தடவை பாம்புக்கடி மருந்து. இப்ப என்ன, தேள்கடியா?"

"மலேரியா ஊசி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அவர் வாங்கிக்கொண்டார். காந்தா புதிதாகக் கேட்டபோது மேலிடத்தில் கையை விரித்துவிட்டார்கள். "செலவே ஆகாத மருந்து உங்களுக்கு எதுக்கும்மா?"

மழை பிடித்த பிறகு ஒரு காலையில் ஆஞ்சலா புருஷனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காந்தாவின் ஆஸ்பத்திரியிலேயே வார்டு ஆயா அவள், ஜோகுபாளையத்துக்காரி. காந்தாவுக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும். புருஷன் சிரில் மங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தான். கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவன், விடிந்ததும் ஆள் அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்தான்.

டாக்டர் ஷில்பா ரத்தம் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மலேரியாதான் மேடம், மூளைக்கு ஏறிடுச்சு. ஊசி எடுங்க, சீக்கிரம்!"

காந்தா அலமாரியைத் திறக்கவே இல்லை. திறந்து என்ன ஆகப்போகிறது?

பக்கத்துக் கடைகளில் கேட்டாள். யாரும் வாங்காத ஊசியை எந்தக் கடைக்காரன் வைப்பான்? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமென்றால், மூச்சு வாங்குகிறவனை அசைக்கப் பயம். அங்கே படுக்கையும் காலி இல்லை. நாகேஷைப் பிடித்தாள்.

"ஐயோ மேடம், போன வாரம்தான் அதை வைட்ஃபீல்ட் பக்கம் தள்ளிவிட்டேன். நானும் எத்தனை நாள் வெச்சிக்கிறது?"

வைட்ஃபீல்டில் மருந்து இருந்தது. ஆனால் மருந்தகத்தில் இருந்து யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். வேறு யாரையும் நம்பாமல் காந்தாவே ஆட்டோ பிடித்தாள். ஆபீஸ் பஸ்களுக்கு நடுவில் ஆட்டோ ஊர்ந்தது. "ஏறி மிதிச்சுப் போப்பா" என்று அவள் கெஞ்ச, டிரைவர் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா போறது, மேலயா?"

அவள் பெட்டியோடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் சிரில் போய்விட்டான்.

"வந்தவுடனே போட்டிருந்தா..." என்று ஆரம்பித்த ஷில்பா, காந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஆஞ்சலா வேலைக்குத் திரும்பிய அன்று, நேராக மருந்தகத்துக்குத்தான் வந்தாள். காந்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவங்ககூட வந்து எட்டிப் பாக்கல மேடம். நீங்க ஊசிக்காக ஊரெல்லாம் அலைஞ்சீங்களாம். என் புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், காந்தா மேடத்த மறக்கக் கூடாதுன்னு."

"ஆஞ்சலா, அந்த ஊசி..."

"விடுங்க மேடம். கெவருமென்ட்டு அனுப்பலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்?"

இல்லை என்று சொல்ல காந்தா வாயெடுத்தாள். அதற்குள் வார்டிலிருந்து யாரோ ஆஞ்சலாவைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். காந்தா கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். காந்தா கூப்பிடவில்லை.