வீட்டுக்குள் போட ஒரு ஜோடி

என் இடது கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். ஆறாவிட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் சுடர்விழி வந்தாள். சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்று மெத்தென்ற செருப்பு செய்து ஆராய்ச்சி பண்ணுகிற பெண். எங்கள் ஊர் மூலக்குளத்தில் என்னையும் சேர்த்துப் புண் வந்த சிலருக்கு ஆளுக்கொரு ஜோடி கொடுத்திருந்தாள். மாதம் ஒருமுறை சமுதாயக் கூடத்தில் எங்களைக் கூட்டி, "இது உங்க ஆராய்ச்சிதான். கொறை இருந்தா தாராளமா சொல்லுங்க" என்பாள்.

யார் சொல்வார்கள்? வெயிலில் அலைந்து வந்து டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிற பெண்ணின் மனசை நோகடிக்க எங்கள் ஆட்களுக்கு வாய் வராது.

"செருப்பு சூப்பரும்மா. தினமும் போடறேன்" என்றார், மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த கலியபெருமாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்புறம் ஏன் யாருக்குமே புண்ணு ஆறல?" என்று கேட்டாள் சுடர்விழி. செருப்பே சரியில்லை போலிருக்கிறது, இதோடு நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுடைய மரியாதைக்கு என் விரலா பலி?

"அண்ணே, அந்த சூப்பர் செருப்பு இப்ப எங்க இருக்குது?" என்று கலியபெருமாளைக் கேட்டேன்.

அவர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். "வாசல்ல வுட்டுருக்கேன், தங்கச்சி தையலு."

அத்தனை பேரும் வெறுங்கால். சுடர்விழியும்தான். கூடமே சிரித்தது.

"வூட்டுலயும் இதே கததாம்மா" என்றேன். "நாள் முழுக்க உள்ளதான் நிக்கிறோம். தெருவுல போட்டத உள்ள போட மனசு வராது. தெருவயே மிதிக்காத ஜோடி ஒண்ணு, வூட்டுக்குன்னே குடு."

"வேற கலர்ல குடும்மா, மாறிடப் போவுது" என்றார் கலியபெருமாள். அப்புறம் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். ஈரத்தில் வழுக்கக் கூடாதாம், கழுவினால் சீக்கிரம் காய வேண்டுமாம்.

அடுத்த கூட்டத்தில் கிடைத்த நீல ஜோடியோடு நான் அடுப்படியில் நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் இராமதாஸ் குதித்தார். "சாமி இருக்கற வூட்டுல செருப்பா?"

"என் வெரலு போனா சாமி வந்து ஒட்டவைக்குமா?"

அதிலிருந்து அவர் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார்.

சில மாதம் கழித்து டாக்டர் விரலை அழுத்திப் பார்த்து, "நல்லா மூடிடுச்சு. விரலுக்கு இனிமே பயமில்ல" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெளியே வந்ததும், கூட வந்திருந்த இராமதாஸ் அத்தனை பேர் பார்க்க என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சும் இருக்குதுடி" என்றார்.