ஒரு சொட்டும் ஏறாத தெரு

பழைய நீதிக்கதைகளில் மனிதர்கள் மறைத்து வைத்ததைக் காக்கையோ கழுதையோ சபை நடுவே சொல்லிவிடும். இக்காலத்துப் பறவைகளும் மிருகங்களும் அந்த வேலையை விட்டுவிட்டன. ஆகவே, தமிழோடு மலையாளமும் கலந்து புழங்கும் ஸ்ரீவராகத்தின் ஒரு தெருவில் அப்பொறுப்பை ஒரு கார் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

காருக்கு உரியவர் பட்டாபி. அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; அத்தெருவின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு நெடுங்காலச் செயலாளர். சம்பளமில்லாத பதவிதான். ஆனால் எந்த வீட்டில் குழாய் உடைந்தாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். எந்த வீட்டுக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் அவருக்கு இலை விழும். இவை இல்லாத ஒரு நாளை அவரால் எண்ணிப் பார்க்க முடிந்ததில்லை. அப்படிப்பட்டவரை எதிர்த்து, தெருவின் கீழ்க்கோடியில் அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஹரிஷங்கர் இவ்வாண்டு தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்திருந்தான்.

பட்டாபியின் பலம் புது வாய்க்கால். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஆண்டுதோறும் வழிந்து வீடுகளுக்குள் புகுந்த பழைய சாக்கடையை இடித்துக் கட்டவைத்து, மேலே கான்கிரீட் பலகைகளும் போடச் செய்தது அவர்தான். வேலை நடந்தபோது ஒரே ஒரு சிறு சலுகையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அவருடைய காரின் அடிவயிறு வாசலில் உரசும். எனவே தம் வீட்டு வாசலில் வரும் பலகையை மட்டும் சற்றுத் தாழ்த்திப் பதிக்கச் சொன்னார். அங்கே வாய்க்காலின் வழி குறுகுமே என்று வேலையாட்கள் தயங்கினர். செயலாளரே சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? பலகை தாழ்ந்தது, கார் ஓசையின்றி உள்ளே வந்தது.

ஐப்பசி மழையில் தண்ணீரும் அவ்வாறே வந்தது. புது வாய்க்காலில் பாய்ந்து வந்த வெள்ளம் அந்தத் தாழ்ந்த பலகைக்கு அடியில் நுழைய முடியாமல் மேலெழும்பி, பட்டாபியின் வாசல் வழியே திரும்பியது. இரவு முழுவதும் கார் இருக்கை மட்டத்திற்கு நீரில் நின்றது. விடியும் முன் தண்ணீர் வடிந்துவிட்டது. மற்ற வீடுகளின் வாசற்படியைக்கூட அது தொடவில்லை. அண்டை அயலார் திரண்டு வந்து வாய்க்காலைப் புகழ்ந்தார்கள். செயலாளர் கணுக்காலில் சேற்றோடு, உள்ளே எதுவும் தெரியாதபடி வாசலை அடைத்து நின்று அந்தப் புகழைப் பெற்றுக்கொண்டார்.

"ஏன்னா, இன்ஷூரன்ஸ்காராளுக்கு ஃபோன் பண்ணுங்கோளேன்," என்றாள் மனைவி சுப்புலக்ஷ்மி.

"சர்வேயர் வந்து வாசல்ல நின்னு படம் எடுப்பான். ஹரி மாடிலேர்ந்து பார்ப்பான்."

"அப்போ கார் போனாப் பரவால்லயா?"

"கார் போனா வேற கார் கிடைக்கும்."

எது போனால் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

ஆரியசாலையில் பட்டறை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் சுதீஷ் மறுநாள் ஸ்கூட்டரில் வந்தான். யாராவது கேட்டால் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வந்ததாகச் சொல்லும்படி பட்டாபி அவனைக் கேட்டுக்கொண்டார்.

"சொல்லலாம் சாரே. பக்ஷே, சீட்டெல்லாம் கழட்டி முற்றத்துல வெச்சா, இன்வெர்ட்டருக்கு எதுக்கு சீட்டுன்னு ஆளுக கேக்குமே."

அதனால் இருக்கைகள் கழற்றப்படவில்லை. காரின் மேல் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. அதற்குள், கூடாரத்தில் இருப்பவனைப் போல் சுதீஷ் வேலை செய்தான். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தான். தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, வயர்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மருந்தைப் பீய்ச்சி, சிறு தூரிகையால் தேய்த்தான்.

"என்ஜின் ரெக்ஷப்பட்டு சாரே, தப்பிச்சு. கொழப்பம் வயரிங்லயாக்கும். சீட்டும் கார்ப்பெட்டும் வெளியில எடுத்து, நாலு கதவையும் தொறந்து போட்டு, நல்ல வெயில் கொள்ளணும். உணங்காம, ஈரத்தோட கரெண்டு கொடுத்தா, வண்டி தோணினதெல்லாம் செய்யும், கேட்டோ."

"மறைவா உணத்த முடியாதா?"

"வெயில் மறைவா கிடைக்காதே சாரே." பிறகு வந்த வேலையை விட மனமில்லாமல், "மாமி, தலை உணத்தற டிரையர் உண்டோ?" என்று கேட்டான்.

மகள் ஜானவி விட்டுச் சென்ற டிரையர் ஒன்று இருந்தது. ஆனால் சுப்புலக்ஷ்மிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த கூந்தலைச் சாம்பிராணிப் புகைதானே உலர்த்துகிறது? அவள் தணலோடு தூபக்காலை எடுத்துப்போய்த் தார்ப்பாய்க்குள் பிடித்தாள். சற்று நேரத்தில் தார்ப்பாயின் நான்கு பக்கமும் புகை கிளம்பியது.

"மாமா, உங்க கார்லேர்ந்து புகை வரது," என்று மாடியிலிருந்து ஹரிஷங்கர் குரல் கொடுத்தான்.

"வெள்ளிக்கிழமையோன்னோ. பூஜை."

"காருக்கு உள்ளேயா?"

"நாம உள்ளேதானே உக்காரறோம்."

பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நிலைக்கவில்லை. கோவிலுக்குச் செயலாளர் ஏன் ஆட்டோவில் போகிறார், கார் ஏன் மூடியே கிடக்கிறது என்று தெரு பேசத் தொடங்கியது. தேர்தல் நடக்கும் பொதுக்குழுவோ வழக்கம்போல் அவருடைய முற்றத்தில்தான் கூடவேண்டும். அன்று கார் எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று பட்டாபி முடிவு செய்தார்.

அன்று காலை சுதீஷ் வந்து பேட்டரியை இணைத்தான். என்ஜின் உறுமி எழுந்தது. அவனுக்கே சற்றுப் பெருமையாக இருந்தது. "கண்டோ? பக்ஷே ஈரம் போகல்ல. ஓட்டம் வேண்டாம், கேட்டோ," என்றான். அவன் தெருமுனை திரும்பியதும் பட்டாபி காரை எடுத்தார். இறங்க மறுத்த கண்ணாடிகளுக்குள் வியர்த்தபடி கிழக்கேகோட்டை வரை போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டித் திரும்பினார். பிறகு காரைத் துடைத்து, முற்றத்து நாற்காலிகளுக்கு எதிரே நிறுத்தினார்.

மாலையில் கூட்டம் நிறைந்தது. தலைவி நாச்சியார் மாமி நடுவில் அமர்ந்தாள். பட்டாபி எழுந்து அறிக்கையை வாசித்தார்.

"இவ்வாண்டு ஐப்பசி மழையில், நமது தெருவின் எந்த வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறவில்லை."

காரின் வைப்பர் அசைந்தது.

வானத்தில் மேகமே இல்லை. வைப்பர்கள் முதலில் தயங்கித் தயங்கியும், பின்னர் பெருமழை பெய்வது போல விரைந்தும் காய்ந்த கண்ணாடியைத் துடைத்தன. எல்லாத் தலைகளும் அங்கே திரும்பின. பட்டாபி குரலை உயர்த்தி அதே வாக்கியத்தை மீண்டும் வாசித்தார். அதற்கு ஹாரன் பதில் சொல்லியது, நிறுத்தவும் மறுத்தது. அவர் ஓடிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தார். அடைபட்டிருந்த சேற்று வாடை சாம்பிராணி மணத்தோடு கைகோத்து வெளியே வந்து, முதல் வரிசை முழுவதையும் விசாரித்தது.

ஹரிஷங்கர் எட்டிப் பார்த்தான். கதவின் உட்புறத்தில், இருக்கை உயரத்தில், பழுப்பு நிறக் கோடு ஒன்று நேராக ஓடியது.

"ஒரு சொட்டு ஏறலைன்னேளே மாமா. இது சீட்டு வரைக்கும் ஏறியிருக்கே."

பட்டாபியின் கையில் அறிக்கை சுருண்டது. "எங்காத்துல மட்டும் ஏறித்து," என்றார். "பலகையத் தாழ்த்திப் போடச் சொன்னது நான்தான்."

ஹாரன் ஓய்ந்தது. தம் பதவியும் அதோடு ஓய்ந்தது என்று எண்ணி, அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

நாச்சியார் மாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "அப்போ வந்த வெள்ளம் முழுக்க ஒன் ஆத்துக்கா போச்சு?"

"ஆமா மாமி."

"அதனாலதான் எங்காத்துக்கெல்லாம் வரல்லயா?"

"அப்படித்தான் சொல்லணும்."

"பலகைய ஒசத்திட்டா?"

வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் பட்டாபியால் பொய் சொல்ல முடியாது. "அத்தனை தண்ணியும் நேரா கீழ்க்கோடிக்குப் போகும். அங்க இடம் போறாது. ஹரி ஆத்துல ஏறும். அப்பறம் மேலே மேலே தேங்கிண்டு வரும்."

முற்றத்தில் ஆழ்ந்த சிந்தனை நிலவியது. முதலில் பேசியவன் ஹரிஷங்கர்.

"ஒரு விஷயம் சொல்லட்டுமா? இந்த மாதிரி நேரத்துல மாமாவோட அனுபவம் நமக்கு வேணும். நான் நிக்கல்ல. மாமா பேரையே முன்மொழியறேன்."

நான்கைந்து குரல்கள் ஒன்றாக வழிமொழிந்தன. புது வாய்க்காலில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும், பலகைகள் உள்ளபடியே இருக்கவேண்டும் என்றும் இன்னொரு தீர்மானம், கேட்கப்படாமலே வந்து, எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதன் பின்னர் பருப்பு வடை வந்தது.

"ஜெயிச்சுட்டேளே," என்றாள் சுப்புலக்ஷ்மி, நாற்காலிகளை அடுக்கியபடி. அவர் போய்க் கார்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் சுதீஷ் வந்து இருக்கைகளையும் விரிப்பையும் எல்லார் பார்வையிலும் முற்றத்தில் பரப்பினான். நான்கு கதவுகளும் திறந்து கிடந்தன. வழியில் போனவர்கள் நின்று, நன்றாகக் காயட்டும் என்று அன்போடு சொல்லிச் சென்றார்கள். உச்சி வேளைக்குள் கிழக்கே கருமேகம் ஏறியது.

சுதீஷ் வானத்தையும் வாசல் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "சாரே, சீட்டை இப்போவே மாட்டணுமா? இல்ல, மழைக்காலம் கழிஞ்சு மாட்டினாப் போருமா?"

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மாடியில் ஹரிஷங்கர் நின்றிருந்தான். அவனும் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அதை யாரும் தொட்டுவிடக்கூடாதே என்கிற அக்கறையோடு.